இப்பத்தானுங்க சாப்ட்டேன்

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடிக்காவிட்டால் "ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க" என்பார்கள். கம்பெனியில் ஆள் தேவையில்லை என்றால் "அடுத்த வாரம் ஒரு எட்டு வந்து பாருங்க" என்பார்கள். ஒருவர் வீட்டில் கை நனைக்க மனமில்லை என்றால் அதற்கும் ஒரு வாசகம் தயாராக இருக்கிறது: "இப்பத்தானுங்க சாப்ட்டேன்." வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு என்ன மரியாதை, என்ன மரியாதை என்று மெச்சிக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசகத்தைக் கேட்டாலே இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் திருப்பூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அதே கேன்டீனின் அதே கழுநீர் டீயை இன்னும் குடித்துக்கொண்டிருப்பவள். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் எங்கள் வண்டி ஸ்டாண்டில் இரண்டு செட்டுகளுக்குள் அடிதடி நடந்தது. ஒரு செட்டு வழக்கமாக வண்டி நிறுத்தும் நிழலில் இன்னொரு செட்டுப் பையன் தன் வண்டியை நிறுத்திவிட்டான். அவ்வளவுதான் காரணம். ஹெல்மெட் இருப்பது தலையில் போட என்பதை மறந்து அதாலேயே அடித்துக்கொண்டார்கள்.

செட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். முதல் வருடம் சேர்கிற பையனிடம் சீனியர்கள் அன்பாகத்தான் பேச்சுக் கொடுப்பார்கள். "எந்த ஊருங்க தம்பி?" என்பது முதல் கேள்வி. ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கமுங்க?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். அந்த வாரமே அவன் கையில் ஒரு கயிறு ஏறும். கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் எந்த செட் என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் இடம் பிடிப்பது, நோட்ஸ் வாங்குவது, பிறந்தநாளுக்குக் கேக்கை மூஞ்சியில் அப்புவது எல்லாம் செட்டோடுதான். செட்டுகளைப் பற்றி நான் கெட்டதாகவே பேசிக்கொண்டிருந்தால் அது நியாயமில்லை. ஒருவன் அவினாசி ரோட்டில் விழுந்து கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஓடியவர்கள் அவன் செட்டுப் பையன்கள்தான். பாடம் நடத்திய நாங்கள் இல்லை. அதனால்தான் அந்தக் கயிற்றை அறுப்பது அவ்வளவு கஷ்டம்.

மண்டை உடைந்த பையனுக்குத் தையல் போட்டு முடித்த பிறகு முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நம்ம பழைய மாணவர் மன்றம் ஒண்ணு இருக்கில்லீங்க. அதை மாடர்னா ஆக்கிட்டா பசங்க செட்டை விட்டுட்டு அங்க வருவாங்க. நீங்கதான் பாத்துக்கோணும்."

"அதுல என்னங்க சார் இருக்குது, நாலு ஒடைஞ்ச சேரும் ஒரு போட்டோவும்தானே?"

"அதனாலதானுங்க உங்ககிட்டச் சொல்றேன்" என்றார். மன்றம் கல்லூரியைவிடக் கொஞ்சம்தான் இளையது. வருடத்துக்கு ஒருமுறை குத்துவிளக்கேற்றி 'மன்றத் தொடக்க விழா' நடத்துவோம். தொடங்கிய மன்றம் அன்று மாலையே முடிந்துவிடும். அடுத்த வருடம் மறுபடி தொடங்குவோம். இப்படி எத்தனை தடவை தொடங்கப்பட்டது என்று அதற்கே தெரியாது.

ஆனால் அது உண்மையில் எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் அந்த வழக்கத்தின் வால் பகுதி மிச்சமிருந்தது. கல்லூரி வந்த புதிதில் தோட்டங்காட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், மில் வேலைக்காரர்கள் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் கண்காணாத பக்கம் என்று உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காத சில மாணவர்கள் ஒரு மன்றம் வைத்தார்கள். அதற்கு ஒரே ஒரு விதி. புதன்கிழமை மதியம் எல்லோரும் டப்பாவை மேசையில் வைக்க வேண்டும். சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். யார் டப்பா வந்தாலும் திறந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சண்டை போடலாம். என் முறைக்கு ஒரு தடவை வெறும் தயிர்ச்சோறும் மோர் மிளகாயும் வந்தது. அன்றைக்குப் பார்த்து என் டப்பாவில் கோழி வறுவல். அதைத் தின்றவள் யார் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் இப்போதும் இரண்டு வார்த்தை கேட்பேன்.

பிறகு எப்போதோ அந்த விதி செத்துப் போனது. யாரும் அதை ரத்து செய்யவில்லை. பேச்சுப் போட்டி வந்தது, கேடயம் வந்தது, டப்பா போனது. முதல்வர் மன்றத்தை மாடர்னாக ஆக்கச் சொன்னபோது, இருப்பதிலேயே மாடர்னான சங்கதி அந்தப் பழைய விதிதான் என்று எனக்குப் பட்டது. உடைந்த நாற்காலிகளை வெளியே தள்ளி, அறையைக் கழுவி, நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினேன்: புதன் மதியம், டப்பாவோடு வரவும், கயிற்றோடும் வரலாம்.

முதல் புதன்கிழமை கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். பாதிப் பேர் என் இன்டர்னல் மார்க்குக்குப் பயந்து வந்தவர்கள். பயந்து வராதவள் ஒருத்தி இருந்தாள். முதல் வருடம் பி.காம். வேலம்பாளையத்துக் காலனிப் பெண். அவள் அப்பாவும் அம்மாவும் தெற்கேயிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் டெய்லர்களாக இருக்கிறார்கள். அவள் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தெற்கத்திப் பேச்சு, வெளியே எங்கள் பேச்சு, இரண்டும் அவளுக்கு அத்துப்படி. அறைக்குள் நுழைந்ததும், "மேம், இங்க யாரும் எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்கல்ல?" என்றாள்.

"கேட்டா என்கிட்டச் சொல்லு" என்றேன்.

டப்பாக்களுக்கு எண் வேண்டியிருந்தது. ஒருவன் பையிலிருந்து கம்பெனி ஸ்டிக்கர் எடுத்தான்; வெட்டிய துணிக் கட்டு எந்தக் கட்டு என்று தெரிய ஒட்டுவார்களே, அந்த எண் ஸ்டிக்கர். திருப்பூரில் யார் பையைத் தட்டினாலும் அது விழும். ஒட்டி, சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் டப்பா ஒரு இரண்டாம் வருடப் பையனுக்குப் போனது. முதலிபாளையம் பக்கத்துப் பையன். அப்பா நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார், கொஞ்சம் தோட்டமும் உண்டு. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பவன், யாரையும் ஒருமையில் பேசாதவன். கையில் அவன் செட்டின் கயிறு இருந்தது.

அவன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது யாருதுங்க?" என்று கேட்டான். அவள் கை தூக்கினாள். அவன் அவளையும் டப்பாவையும் பார்த்தான். மூடி இடுக்கிலிருந்து கருவாட்டு வாசம் வந்துகொண்டிருந்தது. அவன் அசைவம் சாப்பிடாதவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் கருவாடு மணப்பது தெருவுக்கே தெரியும். இருந்தும் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, பூத்தட்டு நீட்டுவதைப் போல அவளிடம் நீட்டினான்.

"இப்பத்தானுங்க சாப்ட்டேன்" என்றான்.

அவள் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சீட்டில் வந்தது யாருடைய புளிச்சோறோ, அதை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். நிமிரவே இல்லை.

மணி அடித்ததும் அந்தப் பையனை நிறுத்தி வைத்துக் கிழித்தேன். மூச்சு விடாமல் திட்டினேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டு, கடைசியில் உண்மையாகவே புரியாமல் சொன்னான்: "மேம், நான் மரியாதையாத்தானுங்க சொன்னேன்?" எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அவமரியாதையாகச் சொல்லியிருந்தால் எழுதி வாங்கி, அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி, வேறு வழியில் போயிருப்பேன். மரியாதையை எந்தக் கமிட்டியிடம் கொண்டுபோய்ப் புகார் செய்வது?

அந்தப் பெண் வெளியே படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லலாம் என்று போனால் அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க மேம். அடுத்த வாரமும் கொண்டு வருவேன். எத்தனை வாரத்துக்குத்தான் சாப்ட்டு வந்துக்கிட்டே இருக்காகன்னு பாப்போம்." பிறகு குரல் இறங்கியது. "எனக்கு ஒரு செட்டும் இல்ல மேம். இவுகளுக்கு நான் தெக்கத்திக்காரி. தெக்கத்திப் பிள்ளைகளுக்கு நான் இங்கத்தவ. மத்தியானம் மாடிப்படியில உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சுப் போறேன். தனியாத் தின்னுறதுக்கு எதுக்குக் காலேஜு, கம்பெனிக்கு வா, செக்கிங்ல நாலு பொம்பளைகளோட பேசிக்கிட்டுச் சாப்பிடலாம்னு அம்மா சொல்லுது. இதுவும் சரிப்படலைன்னா போயிருவேன்."

வகுப்பில் கடைசி வரை விடாமல் கேள்வி கேட்கிற ஒரே பிள்ளை அவள்தான். அவள் துணியைப் புரட்டி ஓட்டை பார்க்கப் போய்விட்டால், முதல்வர் எத்தனை குத்துவிளக்கு ஏற்றினாலும் இந்த மன்றம் எனக்கு மன்றமில்லை. இதை அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

அவள் சொன்னபடியே ஒவ்வொரு புதனும் வந்தாள். சிலர் அவள் டப்பாவைத் திறந்தார்கள், சிலர் இப்பத்தான் சாப்பிட்டிருந்தார்கள். ஒருமுறை விடுதிப் பெண் ஒருத்தி திறந்து, மொச்சைக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பை நக்கித் தின்றுவிட்டு, "ஏம்புள்ள, நாளைக்கும் இதையே கொண்டு வா, நான் தனியா வந்து தின்னுட்டுப் போறேன்" என்றாள். அறையே சிரித்தது. அந்த முதலிபாளையம் பையனும் ஏனோ வருவதை நிறுத்தவில்லை. அவளுடைய டப்பா அவனுக்கு மறுபடி வரவில்லை. வராதபடி அவன் வேண்டிக்கொண்டானோ என்னவோ. சாப்பாட்டுக்குப் பின் அவனும் அவளும்தான் அதிகமாகச் சண்டை போட்டார்கள். ஆற்றில் கலக்கும் சாயத் தண்ணீர் யார் குற்றம் என்று ஒரு புதன் இடைவேளை முழுக்க. கம்பெனிக்காரர் மகனும் டெய்லர் மகளும் அந்த விஷயத்தை மேசையைத் தட்டிப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டம் கூடியது. கயிறுகள் கையில்தான் இருந்தன, ஆனால் நான் அவசரப்படவில்லை.

அப்போதுதான் முதல்வருக்குச் சந்தோஷம் வந்தது. எங்கள் ஊரில் எதையும் கெடுக்க இது ஒன்று போதும். சந்தோஷத்தில் அவர் ஒரு பழைய மாணவருக்குப் போன் செய்தார். அவர் பெரிய எக்ஸ்போர்ட்டர். நல்ல மனிதர், இதையும் சொல்ல வேண்டும். வந்தார், அறையைப் பார்த்தார், கண் கலங்கினார். அங்கேயே ஏசி மாட்டித் தருவதாகச் சொன்னார்.

"மேடம், சூப்பருங்க. ஆனா பிராண்டிங் இல்லீங்களே. மன்றம்னா பசங்களுக்குக் கூட்டுறவு சங்கம் மாதிரி கேக்குதுங்க. ஒரு லோகோ, ஒரு இன்ஸ்டா பேஜு, எல்லாருக்கும் ஒரு டி-ஷர்ட்டு. அது என்ற பொறுப்புங்க."

திருப்பூர்க்காரனுக்கு எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் டி-ஷர்ட் அடித்துத் தீர்க்கலாம் என்றுதான் தோன்றும். கோயில் தேருக்கு டி-ஷர்ட், ரத்ததானத்துக்கு டி-ஷர்ட், போதை ஒழிப்புக்கு டி-ஷர்ட். அடுத்து வந்த புதன்கிழமைகள் எல்லாம் அதிலேயே கரைந்தன. ஒவ்வொரு பிள்ளையும் கம்பெனி வீட்டுப் பிள்ளை அல்லது கம்பெனி வேலைக்காரர் பிள்ளை. துணியைப் பற்றித் தெரியாதவர் ஒருவர் இல்லை. கழுத்துக்கு வரிவரியான ரிப் துணி வைப்பதா, அதே துணியா? துணி மழமழப்பாக பயோ வாஷ் கொடுப்பதா? லோகோவைப் பிரின்ட் அடிப்பதா, எம்பிராய்டரியா? நான் "டப்பாவைத் திறங்க, மணி ஆகுது" என்று கத்திக்கொண்டிருந்தேன். யார் காதிலும் ஏறவில்லை. எல்லோர் கையிலும் சாம்பிள் துணி.

கலர்தான் உச்சம். எந்தக் கலரைச் சொன்னாலும் அது ஒரு கட்சியுடையதாகவோ ஒரு சாதியுடையதாகவோ இருந்தது. ஒரு கலர் சரி என்றால் அதன் பார்டர் தகராறு. வானவில்லில் இருந்த அத்தனையும் யாரோ ஏற்கெனவே பட்டா போட்டுவிட்டார்கள். கடைசியில் கம்பெனியில் வேறு ஆர்டர் இல்லாத நாளில் ஓட்டுகிற, கறுப்பும் வெள்ளையும் நூலிலேயே கலந்த சாம்பல் நிற மெலாஞ்ச் துணியில் வந்து நின்றார்கள். அதை ஏதோ சமாதான உடன்படிக்கை போலக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். நானும் கைதட்டித் தொலைத்தேன், சனியன் முடிந்ததே என்று.

டி-ஷர்ட் வந்த வாரமே கேன்டீனில் ஒரு முதல் வருடப் பையன் இன்னொருவனிடம் கேட்பதைக் கேட்டேன்: "டேய், நீ க்ரே செட்டா?" செட்டுகளுக்கு மாற்றாக ஒன்றைக் கட்டப் போய், கூடுதலாக ஒரு செட்டை உண்டாக்கி வைத்திருந்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகப் போவது மற்றவர்களுக்கு. நாங்கள் அந்தக் குரங்குக்கு பயோ வாஷ் கொடுத்த டி-ஷர்ட்டும் போட்டுவிட்டோம்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு அம்மா முதல்வருக்குப் போன் செய்தார். கண்டவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்று தன் மகளுக்கு வயிறு சரியில்லையாம். 'கண்டவர்கள்' என்ற வார்த்தையை முதல்வர் என்னிடம் சொல்லும்போது விழுங்கிவிட்டார்; நான் துருவிக் கேட்டதும் துப்பினார். எக்ஸ்போர்ட்டர் உடனே தீர்வு சொன்னார்: டப்பாவே வேண்டாம். புதன்கிழமை மதியச் சாப்பாடு அவர் செலவு. நல்ல சமையல்காரர், சுத்தமான சைவம், எல்லோருக்கும் ஒரே இலை. அவர் முன்னால் உட்கார்ந்து எவ்வளவோ வாதாடினேன்.

"ஏனுங்க மேடம், எல்லாரும் ஒரே பந்தியில ஒரே சோறு தின்னா அதுதானுங்களே சமத்துவம்? அந்தக் காலத்துல வசதியில்லாம டப்பா மாத்துனாங்க. இப்பத்தான் நம்மளுக்கு வசதி இருக்குதுங்களே."

நான் யோசிப்பதற்குள் முதல்வர் தலையாட்டினார். முடிந்துவிட்டது. பதில் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் வந்தது. கல்யாண மண்டபத்தில் எங்கள் ஊரில் எல்லாச் சாதியும் ஒரே பந்தியில்தான் தின்கிறது. தின்று கைகழுவி அவரவர் ஊருக்குப் போய் அப்படியே இருக்கிறது. சமையல்காரர் சோற்றைத் தின்ன யாருக்கும் தைரியம் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா விடிகாலையில் எழுந்து ஆக்கி, கம்பெனி வேன் வருவதற்குள் அடைத்துக் கொடுத்த சோற்றைத் தின்பதற்குத்தான் தேவை. இதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமா சொல்ல முடியும்? போனில் எக்ஸ்போர்ட்டரைக் கூப்பிட்டேன். அவர் மீட்டிங்கில் இருந்தார்.

அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன், இனி டப்பா கொண்டுவர வேண்டாம் என்று.

"அப்ப என் டப்பாவை மட்டும் வேணாம்னு சொல்ல முடியாம எல்லாரு டப்பாவையும் நிப்பாட்டிட்டாக, அப்படித்தான மேம்?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல வரவில்லை.

புதிய மன்றத்தின் தொடக்க விழா ஒரு புதன்கிழமை நடந்தது. ஆமாம், மறுபடி ஒரு தொடக்க விழா. அறைக்கு வெளியே பந்தல், இலை, கேசரி, பஜ்ஜி, வெஜிடபிள் பிரியாணி. சாம்பல் நிற டி-ஷர்ட்டில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சட்டைக் கைக்குக் கீழே அவரவர் கயிறு பத்திரமாக இருந்தது. அவரவர் கயிற்றுக்குப் பக்கத்தில் அதே கயிறுதான் உட்கார்ந்திருந்தது. டப்பா மாற்றிய நாளில் சீட்டில் வந்த டப்பாவுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும், இப்போது அதற்கு அவசியமில்லை. எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு இலையாகப் பார்த்து "நல்லாச் சாப்பிடு கண்ணு" என்று உபசரித்துக்கொண்டு போனார். போட்டோ எடுத்தார்கள்.

அந்தப் பெண்ணும் வந்தாள். டி-ஷர்ட் போடவில்லை, சாதாரணச் சுடிதார். பந்தியின் கடைசியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பரிமாறியவர்களில் அந்த முதலிபாளையம் பையனும் ஒருவன். பிரியாணி வாளியோடு வரிசையாக வந்தவன் அவள் இலைக்கு முன்னால் குனிந்தான்.

அவள் இரண்டு கையையும் இலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அவனைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"இப்பத்தானுங்க சாப்ட்டேன்" என்றாள்.

எங்கள் ஊர் இழுவை, எங்கள் ஊர் குழைவு, ஒரு மாற்றுக் குறையவில்லை. பக்கத்து இலைக்காரர்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எக்ஸ்போர்ட்டர்கூட, "அட, ஒரு கரண்டி வாங்கிக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அந்தப் பையன் மட்டும் நகரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றான். முகத்தில் ரத்தம் ஏறியது. "ஒரு வாய்ங்க" என்று ஏதோ முனகினான். "இருக்கட்டுங்க" என்று அவள் எழுந்து, இலையை மடிக்காமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் இருந்த யாரோ அவனை நகரச் சொல்லிக் கத்தினார்கள்.

நான் அவள் பின்னால் ஓடியிருக்க வேண்டும். முதல்வர் அந்த நேரம் பார்த்து என்னை மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். அதைப் போட்டுக்கொண்டு நான் நின்ற போட்டோ இன்னும் அந்த இன்ஸ்டா பக்கத்தில் இருக்கிறது. யாரோ என்னை அடித்துவிட்டதைப் போல முகத்தை வைத்திருப்பேன்.

அதன் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. தோழிகள் என்று யாரும் இல்லாததால் விசாரிக்கவும் ஆளில்லை. அவள் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று நானே முடிவு கட்டி, மனதுக்குள் முதல்வரை, எக்ஸ்போர்ட்டரை, மெலாஞ்ச் துணியை, எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன். யாரைத் திட்டியும் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை சமையல்காரர் வரவில்லை. எக்ஸ்போர்ட்டர் ஏதோ கண்காட்சிக்கு வெளிநாடு போயிருந்தார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சாப்பாடு நின்றுபோனது. சாப்பாடு இல்லை என்றதும் க்ரே செட் கலைந்து அவரவர் செட்டோடு கேன்டீனுக்குப் போய்விட்டது. பூட்டிவிட்டு வரலாம் என்று அறைக்குப் போனேன். உள்ளே அந்த முதலிபாளையம் பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மேசையில் அவன் டப்பா இருந்தது. அதன் மேல் ஒரு எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"சீட்டுப் போட ஆளில்லை. சாப்பிட்டுட்டுப் போ" என்றேன் எரிச்சலோடு.

"இருக்கட்டுங்க மேம்" என்றான். டப்பாவைத் தொடவில்லை. நானும் பூட்டையும் சாவியையும் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகவும் மனமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. மதிய இடைவேளை கரைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் கொடுக்க வந்தவள், என் கையெழுத்துக்காகத் தேடி வந்திருந்தாள். தோளில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் மாட்டுகிற ஒயர் பை. உள்ளே அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் எழுந்து நின்றான். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதைப் போலவேதான் எழுந்தான்.

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியை அவள் கேட்டாள். பழக்கத்தில் கேட்டாளா, குத்திக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்தான், மூடினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இல்லீங்க" என்றான் அவன். "காலைல இருந்து எதுவும் சாப்பிடலீங்க. பசிக்குதுங்க."

பசிக்கிறது என்று வேறொரு வீட்டுப் பெண்ணிடம் ஒரு முதலிபாளையத்துத் தோட்டங்காட்டுக்காரர் மகன் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவள் அவனை முறைத்தாள். நன்றாக, நிதானமாக முறைத்தாள். பிறகு ஒயர் பையைத் தோளிலிருந்து இறக்கி, உள்ளே கைவிட்டு, தன் டப்பாவை எடுத்து மேசை மேல் டங்கென்று வைத்தாள்.

"நெத்திலிக் கருவாடு" என்றாள். "முள்ளு இருக்கும். பாத்துத் தின்னுங்க."

அவன் மூடியைத் திறந்தான்.